ஜப்பான் படமும் ஓர் ஆடி அமாவாசையும்

விளக்குகள் எரிந்த பிறகும் தவம் தலையை நிமிர்த்தவில்லை. முன் நாற்காலியின் முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி அப்படியே இருந்தான். நித்திரையாகிவிட்டான் என்றுதான் நினைத்தேன். நான் கூட்டிப்போன ஜப்பான் படங்களில் எங்கள் ஆட்கள் நித்திரை கொள்ளாத படம் என்று ஒன்று இருந்ததில்லை.

"எழும்படா, முடிஞ்சுது" என்று தோளைத் தட்டினேன்.

திரும்பினான். முகமெல்லாம் கண்ணீர். சத்தம் மட்டும் இல்லை. நானும் அவனும் சில வருடங்களாக ஒரே அறையில் படுத்து எழும்புகிறவர்கள். ஊரில் ஷெல் விழுந்த செய்தி வந்த நாளில்கூட அவன் அழுது நான் கண்டதில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எந்த வருடம் என்று கேட்டால் தலையைச் சொறிவேன். ஆடி பிறக்கச் சில நாட்கள் இருந்தன என்பது மட்டும் நிச்சயம். ஏன் நிச்சயம் என்பது போகப் போகத் தெரியும்.

சூட்டுக்காகப் போன இடம்

அந்தத் தியேட்டர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், ரைன் ஆற்றுக்கு வடகரையில் இருந்தது. ஒரு காலத்தில் பட்டு நாடா நெய்த தொழிற்சாலை. தறிகளைக் கழற்றி விற்றபிறகு சும்மா கிடந்ததை, தலைமயிர் வளர்த்த சில இளைஞர்கள் வாடகைக்கு எடுத்துத் திரை கட்டினார்கள். நாற்காலிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. சில தேவாலயத்திலிருந்து வந்தவை, சில பள்ளிக்கூடத்திலிருந்து.

அங்கே கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. வேலை தந்தவள் ரூத். தியேட்டரை நடத்தியவர்களில் அவள்தான் நேரத்துக்கு வருகிறவள். சுருட்டுப் பிடிப்பாள், சிரிக்கமாட்டாள், ஆனால் மனம் நல்ல மனம். "உன் நண்பர்களையும் கூட்டி வா. காலி நாற்காலிக்கு யார் காசு தரப்போகிறார்கள்?" என்றாள்.

எங்கள் அறையில் ஹீற்றர் இருந்தது. வீட்டுக்காரருக்கு மனம் வந்தால் அது வேலை செய்யும். ஆகவே முதல் மாரிகாலத்தில் நாங்கள் கலையை வளர்க்கத் தியேட்டருக்குப் போகவில்லை. சூட்டுக்காகப் போனோம்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பார்த்த படங்களில் கதாநாயகன் கோப்பை கழுவி நான் கண்டதில்லை. இந்த ஜப்பான் படங்களில் வருகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கழுவுகிற, சுமக்கிற, பொறுக்குகிற வேலை செய்கிறவர்கள். பெரிய கம்பனிகள் எடுத்த படங்கள் அல்ல. கடன் வாங்கிய கமெராவோடு போய், அந்தச் சனத்தோடு படுத்து எழும்பி எடுத்தவை. விடியற்காலையில் கூலி வேலைக்கு ஆள் பிடிக்கிற லொறிக்காக ஒரு தெரு நிறைய மனிதர்கள் நிற்பார்கள். லொறி வரும். கொஞ்சப் பேர் ஏறுவார்கள். மிச்சப் பேர் நிற்பார்கள். கமெரா லொறியோடு போகாது, மிச்சப் பேரோடு நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்காதீர்கள்.

எங்கள் அறையின் மூத்தவர் மணியண்ணை ஒரு நாள் வந்து இதைப் பார்த்தார். பாதியில் எழும்பிவிட்டார்.

"வேலை இல்லாமல் நிக்கிறவனைப் பாக்கிறதுக்கு இவ்வளவு தூரம் வரோணுமோ? கண்ணாடியைப் பாத்தால் காணும்."

பகிடியாகச் சொன்னாலும் மனிதர் சரியாகத்தான் சொன்னார். நான் திரும்பத் திரும்பப் போனதற்கும் காரணம் அதுதான். ஒரு ஹோட்டலின் முன்வாசல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. கோப்பை கழுவப் போய்ப் பின்வாசல் நன்றாகத் தெரியும். அந்தப் படங்கள் பின்வாசலிலிருந்து எடுத்தவை.

திரையில் ஜேர்மன் எழுத்து ஓடும். எனக்கு அது ஓரளவு பிடிபட்டிருந்தது. தவத்துக்கு அவ்வளவு வராது. நான் வாசித்து அவன் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். ரூத் அவர்களைத் திருப்பி முறைப்பாள்.

தீவுக் கிழவர்

தவம் அழுத அன்று ஓடிய படம் ஒரு தீவைப் பற்றியது. தொழுநோய் வந்தவர்களைக் கொண்டுபோய் விட்ட தீவு. மருந்து வந்து நோய் மாறிப் பல காலமாகிவிட்டது, ஆனால் வீட்டுக்குப் போக முடியாது. அங்கே வந்தவர்கள் தங்கள் பெயரையே மாற்றிக்கொள்கிறார்கள். வீட்டில் இருக்கிற தங்கச்சிக்குக் கலியாணம் நடக்கவேண்டும், தம்பிக்கு வேலை கிடைக்கவேண்டும், அதற்காக.

ஒரு கிழவர். விரல்கள் மடங்கிப்போன கைகளால் தக்காளிச் செடிகளுக்குத் தடி கட்டிக்கொண்டு கதை சொல்கிறார். நான் தவத்தின் காதுக்குள் சொன்னேன்:

"வீட்டிலை எனக்குச் செத்தவீடு செய்து முடிச்சிட்டினமாம். கல்லறையிலை என்ரை பேர் இருக்காம். வருசத்திலை ஒரு நாள் எனக்குப் படைக்கினமாம். எந்த நாள் எண்டு தெரியும். அண்டைக்கு நானும் இஞ்சை கொஞ்சம் நல்லாச் சாப்பிடுவன் எண்டு சொல்லுறார்."

திரையில் கிழவர் சிரித்தார். அந்த இடத்தில்தான் தவம் குனிந்திருக்கவேண்டும். நான் எழுத்தைத் துரத்திக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

ஒரு கேள்வி

படம் எடுத்தவர் அன்று வந்திருந்தார். மெலிந்த ஆள். படப்பெட்டிகளைத் தானே ரயிலில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். திரைக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் தொடையில் வைத்துக் குனிந்து வணங்கினார். அவர் ஆங்கிலத்தில் பேச, ரூத் ஜேர்மனில் சொன்னாள்.

சனம் கேள்வி கேட்டது. ஏன் கறுப்பு வெள்ளை? ஏன் சங்கீதம் இல்லை? தக்காளி எதைக் குறிக்கிறது? எனக்கு எரிச்சல் வந்தது. தக்காளி தக்காளியைத்தான் குறிக்கிறது, வேறென்னத்தைக் குறிக்கும்?

தவம் என் கையைப் பிடித்தான். "கேள். அந்தக் கிழவருக்குப் பிள்ளை இருக்கோ எண்டு கேள். அவன் வந்து பாத்தவனோ எண்டு கேள்."

எனக்குப் பள்ளிக்கூட ஆங்கிலம் இருந்தது. எழுந்து கேட்டேன்.  ஜப்பான்காரர் என்னை விட்டு, எனக்குப் பக்கத்தில் கண் சிவந்து இருந்தவனைப் பார்த்தார்.

"ஒரு மகன் இருக்கிறார். தேடிப்போனேன். கடை வைத்திருக்கிறார். என்னை உள்ளே விடவில்லை, படம் பிடிக்கவும் விடவில்லை. நான் திரும்பித் தெருமுனைக்கு வந்தபோது பின்னால் ஓடி வந்தார். அப்பாவுக்கு இன்னும் பல் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். சரி என்று திரும்பிப் போய்விட்டார்."

 பிறகு ஒரு பெண் கமெராவைப் பற்றி ஏதோ கேட்டாள். தவம் எழுந்து வெளியே போனான். நானும் போனேன்.

பாலத்தில் சொன்னது

பாலத்தில் பாதி தூரம் நடந்தபிறகுதான் வாயைத் திறந்தான். பின்னேர வெயில். பச்சை ட்ராம் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது.

"என்ரை ஐயா சாகேல்லை."

எனக்கு விளங்கவில்லை. தவத்தின் தகப்பன் வன்னிக் காட்டில் காய்ச்சல் வந்து செத்தவர் என்பதுதான் நாங்கள் எல்லோரும் அறிந்தது. ஆடி அமாவாசை வந்தால் தவம் விரதம் பிடிப்பான். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: அது தகப்பனை இழந்தவர்களின் விரதம். தகப்பன் உயிரோடிருப்பவன் அந்த விரதத்தைப் பிடிப்பது என்பது எங்களிடையே நினைத்தும் பார்க்காத காரியம். தகப்பனின் ஆயுளை அறுப்பதற்குச் சமம் என்பார்கள். என் ஐயா அப்போது உயிரோடு இருந்தார், ஆகவே அந்த நாளில் என் வேலை சமையல் மட்டும்.

எங்கள் அறையில் அது ஒரு பெரிய நாள். மணியண்ணை காலையில் எங்களை ரைன் கரைக்குக் கொண்டுபோவார். தேவாரம் பாடி, எள்ளும் தண்ணீரும் இறைப்பிப்பார். ஐயர் இல்லாத ஊரில் அவர்தான் ஐயர். ஊரில் அன்றைக்குக் காத்தோட்டிக்காய்க் கறி இருக்கவேண்டும். இங்கே அதற்குப் பதிலாகக் கசக்கிற சிக்கோரிக் கீரை. காகத்துக்குப் பல்கனியில் சோறு வைத்து, அது கீழ் வீட்டுக் கிழவியின் பூச்சாடியில் விழுந்து, அவள் கோபத்தோடு படியேறி வந்ததும் உண்டு. "இது எங்கள் அப்பாமாருக்கு" என்று நான் சொன்னதும் பாவம், மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிப்போனாள்.

"குஷ்டம்" என்றான் தவம். "எனக்குப் பால்பல்லு விழுகிற வயசு. ஒரு நாள் விடியப் பாத்தால் ஐயா இல்லை. கிழக்குப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி இருக்கு, தண்ணியைத் தாண்டிப் போகோணும். அங்கை போயிட்டார். செத்திட்டன் எண்டு சொல்லுங்கோ எண்டு அவர்தான் அம்மாவுக்குச் சொன்னவர். அம்மா எனக்கு விரதத்தைப் பழக்கினவ. அயலட்டை நம்போணும் எல்லே."

"நீ பிறகு பாத்தனியோ?"

"இஞ்சை வர முதல் ஒருக்காப் போனனான். கிட்ட வரவிடேல்லை. நோய் மாறியிட்டுது எண்டு டொக்டர் சொல்லியும் அவர் விடேல்லை. வேப்பமரத்துக்கு அங்காலை நிண்டு கதைச்சவர்."

இதை எழுதலாமா என்று பல காலம் யோசித்தேன். போன மாதம் தவத்தின் தங்கச்சி வசந்தியே சொன்னாள்: "எழுதுங்கோ அண்ணை. இனி ஆருக்கு ஒளிக்கிறது?" பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

வசந்திதான் விசயமே. அவள் அப்போது யாழ்ப்பாணத்தில், தாயோடு, பங்கருக்குள்ளும் வெளியிலுமாக இருந்தாள். மணியண்ணை தன் தங்கை மகனுக்கு அவளைப் பேசத் தொடங்கியிருந்தார். பையனுக்குச் சுவிசிலேயே ஷாஃப்ஹவுசனில் தொழிற்சாலை வேலை, விசா உள்ளவன். அவனைக் கட்டினால் அவள் அந்த நரகத்திலிருந்து வெளியே வந்துவிடுவாள். அவர் ஏன் தவத்தின் தங்கச்சியைத் தேர்ந்தார் தெரியுமா? "தேப்பன் இல்லாத பொடியன், சுவிசுக்கு வந்தும் ஒரு அமாவாசை தவறவிடேல்லை. இப்பிடிக் குடும்பத்திலை பொம்பிளை எடுக்கோணும்" என்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் சொன்னவர்.

"இந்த ஆடிக்கு நான் பிடிக்கப் போறேல்லை" என்றான் தவம். "அந்தக் கிழவன் சிரிச்சதைப் பாத்தனியெல்லே? மணியண்ணைக்கு உண்மையைச் சொல்லப் போறன்."

"வசந்தி?"

 தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாழைக்காய்ப் பொரியல்

சொல்வதற்கு முன் தகப்பனோடு கதைக்கவேண்டும் என்றான். அந்த நாட்களில் வடக்குக்கு லைன் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிழக்குக்குச் சில நாட்களில் கிடைக்கும். பெரிய தபால் நிலையத்தின் கண்ணாடிக் கூண்டு ஒன்றில் இருந்து அந்த ஆஸ்பத்திரியைப் பிடித்தோம். ஒரு கன்னியாஸ்திரி எடுத்தார். ஆளைக் கூட்டிவர நேரமாகும், கால் நோவு, பிறகு எடுங்கோ என்றார். வெளியே படியில் இருந்துவிட்டுத் திரும்பப் போனோம். தவம் என் சட்டையைப் பிடித்துக் கூண்டுக்குள் இழுத்துவிட்டான். தனியே கதைக்கப் பயம்.

வயதானவர்கள் ரெலிபோனில் கத்துவார்களே, அப்படிக் கத்தினார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஆர், தவமோ? சாப்பிட்டியோ?"

"ஓம் ஐயா. நீங்கள்?"

"எனக்கென்ன, நேரத்துக்குத் தருகினம்."

"ஐயா, நான் இஞ்சை உங்களுக்கு ஆடி அமாவாசை பிடிக்கிறனான்."



"கொம்மா பழக்கினதோ?"

"ஓம். இனிப் பிடிக்கமாட்டன். உங்களுக்கு ஏதும் நடந்திடும் எண்டு பயமாக்கிடக்கு. ஐயா உயிரோடை இருக்கிறார் எண்டு எல்லாருக்கும் சொல்லப் போறன்."

"வசந்தியின்ரை அலுவல் என்ன மாதிரி?"

"இஞ்சை ஒரு இடம் பேச்சாக்கிடக்கு. நல்ல பொடியன்."

"அப்ப வாயை மூடிக்கொண்டு இரு!" கிழவர் போட்ட சத்தத்தில் தவம் றிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டான். "அவள் அங்கை ஷெல்லடிக்குள்ளை கிடந்து சாகவோ? குஷ்டக்காரன்ரை பெட்டையை ஆர் கட்டுவான்? விரதத்தைப் பிடி. ஒருத்தருக்கும் ஐமிச்சம் வராமல் வடிவாப் பிடி. விரதம் பிடிச்சு நான் சாகிறதெண்டால் எப்பவோ செத்திருப்பன்."

தவம் அழத் தொடங்கினான். அங்காலை கிழவருக்கும் கோபம் இறங்கியிருக்கவேண்டும். குரல் மாறிவிட்டது.

"டேய் தம்பி. எனக்கு என்ன படைக்கிறனி?"

"பருப்பு... பூசணிக்காய்... பாயசம்..."

"வாழைக்காய்?"

"இஞ்சை கிடைக்கிறேல்லை ஐயா."

"தேடிப் பார். பொரிச்சு வை. இஞ்சை இவை பொரியல் ஒண்டும் தாறேல்லை."

நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே ஒருவர் தன் முறைக்குக் காத்து நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போனார்.

பிறகு நடந்தது

வாழைக்காய் தேடி நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். கடைசியில் ஸ்டேஷனுக்குப் பின்னால், ஆபிரிக்கச் சாமான் விற்கிற ஒருவரிடம் கிடைத்தது. ஆடி அமாவாசையன்று தவம் முழுகி, எள்ளுத் தண்ணீர் இறைத்து, மத்தியானம்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தான். நான் பொரித்தேன். அவன் படையலில் வாழைக்காயை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தான்.

"உம்மடை ஐயாவுக்கு இது விருப்பமோ?" என்று மணியண்ணை கேட்டார்.

"சரியான விருப்பம், அண்ணை."

மணியண்ணை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். ஷாஃப்ஹவுசனுக்கு அன்றைக்கே முடிவு சொன்னார்.

வசந்தி வந்து சேர்ந்தாள். கலியாணத்தில் தகப்பன் இடத்தில் நொஷாட்டல் நகரிலிருந்து வந்த ஒரு தூரத்து மாமா நின்று தாரை வார்த்தார். எல்லோரும் தகப்பனில்லாத பிள்ளை என்று கண்ணைத் துடைத்தார்கள். அவள் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வோர் ஆடியிலும் தவம் விரதம் பிடித்தான். பிடிக்கிற நாளில் அவன் ஒருவரோடும் கதைக்கமாட்டான். பக்தி என்று மணியண்ணை நினைத்துக்கொண்டார்.

எண்பதுகள் முடியும் தறுவாயில், ஒரு சித்திரை மாதம், தியேட்டருக்குப் போன் வந்தது. அறைப் போனை மணியண்ணை எடுத்துவிடுவார் என்பதால் தவம் கன்னியாஸ்திரியிடம் தியேட்டர் நம்பரைத்தான் கொடுத்திருந்தான். ரூத் எடுத்து என்னிடம் நீட்டினாள். நித்திரையிலேயே போய்விட்டார், அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்றார் கன்னியாஸ்திரி.

தவத்திடம் நான்தான் சொன்னேன். அவன் தும்புத்தடியைக் கேட்டான். அன்று தியேட்டர் முழுவதையும் அவனே கூட்டினான். கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினான். ரூத் வெளிக்கதவைப் பூட்டி, அன்றைய படத்தை ரத்து என்று எழுதி ஒட்டினாள். 

அவனால் இழவுத் துடக்குக் காக்க முடியாது. மொட்டை அடிக்க முடியாது. எட்டுச் செலவு, அந்தியேட்டி என்ற சடங்குகள் ஒன்றும் கிடையாது. எப்போதோ செத்தவருக்கு எப்படிச் செய்வது? ஷாஃப்ஹவுசனில் வசந்தி பச்சை உடம்புக்காரி. மாமியார் வீடு நிறையச் சனம். தவம் போய்க் குழந்தையைத் தூக்குகிற சாட்டில் அவள் காதில் சொன்னான். அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு, தேத்தண்ணி குடிக்கிறியளோ என்று கேட்டாளாம்.

ரைன் கரை

அந்த வருட ஆடி அமாவாசை நல்ல வெயில். பாசல்காரர்கள் நீச்சல் உடுப்போடு ஆற்றில் மிதந்து போய்க்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்து ஒருவர் கையசைத்தார். நான் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணியண்ணை தேவாரத்தை முடித்து, தவத்தின் உள்ளங்கையில் எள்ளைப் போட்டார்.

"பேரைச் சொல்லி இறையும்."

தவம் இறைக்கவில்லை.  மணியண்ணை தண்ணீரை வார்த்தார். எள் விரலிடுக்கால் வழிந்து காலில் விழுந்தது. ஐயா என்று ஒரு சத்தம் போட்டான். அவ்வளவு பெரிய சத்தத்தை அவனிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. படிக்கட்டில் அப்படியே இருந்துவிட்டான்.

மணியண்ணை திகைத்துப்போனார்.

"என்ன தவம் இது? எத்தினை வருசமாச் செய்யிறீர். இண்டைக்குத்தான் தேப்பன் செத்தமாதிரி அழுறீர்!"

 மணியண்ணை என்னைப் பார்த்தார். நான் செம்பைப் பார்த்தேன். பிறகு அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் ஈரப்படியில் இருந்தார்.

"சரி, அழும். அழும்" என்று முதுகைத் தடவினார்.

தவம், சித்திரையில் அழவேண்டிய அழுகை முழுவதையும், ஒன்றும் தெரியாத அந்த மனிதரின் தோளில் முகத்தை வைத்து அழுதான்.